ஓடை இடம் மாறவில்லை



"நிலப்படம் செய்யும் மென்பொருளை எங்கிருந்து கற்கத் தொடங்குவது?" என்று மாதத்திற்கு இரண்டு பேராவது உள்பெட்டியில் கேட்கிறார்கள். பெரும்பாலும் சமூகவியல், தாவரவியல், வரலாறு போன்ற துறைகளில் முதுகலை முடித்து ஆய்வுக்குள் நுழைந்திருப்பவர்கள். எந்தப் பொத்தானை அழுத்தினால் என்ன நிகழும் என்று காட்டும் காணொளிகள் இணையத்தில் நிறையவே உள்ளன. அவற்றில் கிடைக்காத ஒன்றை, நான் செய்த ஒரு பிழையின் வழியாகச் சொல்ல முயல்கிறேன். பதிவு சற்று நீளமானது, பொறுத்தருள்க.

என் களப்பணி மகாராஷ்டிரத்தின் கிழக்கு எல்லையில், கட்சிரோலி மாவட்டத்தில் நடந்தது. மாவட்டத்தின் பரப்பில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு காடு. தேக்கு, மூங்கில், தெண்டு, மகுவா. மகுவா என்பது நம்மூர் இலுப்பையின் இனம். மார்ச், ஏப்ரல் மாதங்களில் அதன் பூக்கள் விடியற்காலையில் உதிரும். கோண்டு மக்களுக்கு அது உணவு, மருந்து, வருமானம் எல்லாம். இந்த மாவட்டத்தைச் சேர்ந்த மேண்டா லேகா என்ற சிற்றூர்தான், 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டத்தின்கீழ்ச் சமூக வன உரிமையை நாட்டிலேயே முதன்முதலில் பெற்ற ஊர்களில் ஒன்று. அது 2009இல். நான் தங்கியிருந்த ஊர் அதுவன்று. அதன் பெயரை இங்கே தவிர்க்கிறேன். அவ்வூராரும் தங்கள் காட்டுக்கான கோரிக்கையை ஆயத்தம் செய்துகொண்டிருந்தார்கள்.

சட்டம் கேட்பது எளிமையானதுதான். தலைமுறைகளாக ஒரு கிராமம் எந்த எல்லைக்குள் காட்டைப் பயன்படுத்திக் காத்துவந்ததோ அந்த மரபெல்லையைக் கிராம சபை வரையறுக்க வேண்டும். வன உரிமைக் குழு அதனைச் சரிபார்க்கும். பிறகு கோரிக்கை கோட்ட அளவிலான குழுவுக்கும், அங்கிருந்து மாவட்ட அளவிலான குழுவுக்கும் செல்லும். மூத்தோர் வாய்மொழியாகச் சொல்வதை எழுதிச் சேர்த்தால் அதையும் சான்றாக ஏற்க விதிகளில் இடமுண்டு. ஆயினும் மேசையின்மேல் விரிக்க ஒரு படம் இருந்தால் வேலை எளிதாகும் என்பதை எல்லோரும் அறிவர். "உங்களுக்குப் படம் போடத் தெரியுமாமே?" என்று கிராம சபையில் கேட்டார்கள். தெரியும் என்றேன். அவ்வளவு எளிதாக அதைச் சொல்லியிருக்கக் கூடாது என்று இப்போது தோன்றுகிறது.

புவித்தகவல் அமைப்பு என்றால் என்ன என்பதை அந்த ஊரைக் கொண்டே விளக்கலாம். காகிதத்தில் வரைந்த படமும் கணினியில் செய்த படமும் பார்வைக்கு ஒன்றுபோல இருக்கலாம். உள்ளே அவை வேறு. கணினிப்படத்தில் ஒரு மகுவா மரம் என்பது வெறும் பச்சைப் புள்ளியன்று. அதற்கு ஓர் இடம் உண்டு: அட்சரேகை ஓர் எண், தீர்க்கரேகை ஓர் எண். அந்த இடத்தோடு ஒட்டிக்கொண்டு ஓர் அட்டவணை வரிசை உண்டு: எந்தக் குடும்பம் பூப் பொறுக்கும் மரம், அடிமரத்தின் சுற்றளவு என்ன, எந்த நாளில் பார்த்தோம். மரம் புள்ளி, ஓடை கோடு, ஏரி மூடிய வடிவம். இவ்வாறு புள்ளி, கோடு, வடிவம் என எழுதப்படும் தரவை வெக்டர் என்கிறோம். செயற்கைக்கோள் படமோ சிறுசிறு கட்டங்களால் ஆனது. அதை ராஸ்டர் என்கிறோம். சென்டினல் 2 செயற்கைக்கோளின் கூர்மையான அலைவரிசைகளில் ஒரு கட்டம் நிலத்தில் 10 மீட்டருக்கு 10 மீட்டர்; லேண்ட்சாட்டில் 30 மீட்டர். ஒரு கட்டத்தைவிடச் சிறிய குடிசையை அப்படத்தில் தனியே தேடிப் பயனில்லை.

இவை ஒவ்வொன்றும் ஓர் அடுக்கு. ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கேள்வி கேட்கலாம். ஓடையிலிருந்து 200 மீட்டருக்குள் எத்தனை மகுவா மரங்கள்? வனத்துறையின் எந்தப் பிரிவுக்குள் ஊரின் மூங்கில் காடு விழுகிறது? கனடாவில் ராஜர் டாம்லின்சன் 1960களில் நாடு தழுவிய நில வளக் கணக்கெடுப்புக்காக இத்தகைய ஒரு கணினி அமைப்பை உருவாக்கியதற்குக் காரணமும் இதுதான். ஆயிரக்கணக்கான தாள்களை ஒன்றன்மேல் ஒன்று வைத்து மனிதர்கள் கையால் ஒப்பிடுவது இயலாத செயலாக இருந்தது. இன்று அவ்வேலையைச் செய்ய விலை கொடுத்து வாங்கும் மென்பொருளும் உண்டு, க்யூஜிஐஎஸ் போன்ற கட்டற்ற மென்பொருளும் உண்டு. கேரி ஷெர்மன் என்பவர் 2002இல் தொடங்கிய க்யூஜிஐஎஸ், உலகெங்கும் உள்ள தன்னார்வலர்களால் இன்று வரை வளர்ந்துவருகிறது. என் பழைய மடிக்கணினியில் அது நன்றாகவே ஓடியது.

ஆனால் அடுக்குகள் சரியாக ஒன்றன்மேல் ஒன்று அமர்ந்தால்தான் விடை சரியாக இருக்கும். நான் சறுக்கியது அங்கேதான்.

ஒரு பிப்ரவரியில் மூன்று நாள்கள் எல்லை நடந்தோம். ஊரில் எல்லோரும் காகா என்று அழைக்கும் ஒரு முதியவர் முன்னே சென்றார். அவருக்குப் பின்னால் ஏழெட்டு ஆண்கள், நான்கு பெண்கள். எல்லோருக்கும் பின்னால் கையில் ஜிபிஎஸ் கருவியோடு நான். எல்லைக்கல் என்று எதுவும் இல்லை. ஒரு பாறை, ஒரு புற்று, ஊர்த் தெய்வத்தின் மேடை, முன்பொருமுறை புலி மாட்டை அடித்த இடம். ஒவ்வோர் இடத்திலும் காகா நின்று அதன் கதையைச் சொல்வார். பெண்களில் ஒருவர் திருத்துவார். பிறகு நான் புள்ளியைப் பதிவேன். கிழக்கில் எல்லை ஓர் ஓடையை ஒட்டிச் சென்றது. ஓடையைக் கடந்து அக்கரையில் வரிசையாக நிற்கும் மகுவா மரங்கள் வரை தங்களுடையது என்றார் காகா. அண்டை ஊரிலிருந்து வந்திருந்த இருவரும் தலையசைத்தார்கள். அவ்வழியே ஏறத்தாழ 3 கிலோமீட்டர் நடந்தோம்.

அன்றிரவு நடந்த தடத்தைக் கணினியில் ஏற்றினேன். அடியில் இந்திய நில அளவைத் துறையின் பழைய டோப்போஷீட் ஒன்றின் ஒளிநகல் இருந்தது. 1:50,000 அளவில் ஆனது. அதன்மேல் எங்கள் தடம் விழுந்தபோது நான் திகைத்தேன். கிழக்கெல்லையின் தடம் ஓடைக்கு அக்கரையில் இல்லை. இக்கரையில், ஓடையிலிருந்து 100 மீட்டருக்கும் அதிகமாக மேற்கே தள்ளி இருந்தது. படத்தின்படி நாங்கள் ஓடையைக் கடக்கவே இல்லை. மகுவா மரங்களும் ஓடையும் ஊரின் எல்லைக்கு வெளியே நின்றன.

என் முதல் எண்ணம் என்னவாக இருந்தது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். கருவி பிழை செய்திருக்கலாம் என்று எண்ணினேன். ஆனால் கைக்கருவி மரநிழலில் 10, 15 மீட்டர் தவறலாமேயன்றி இவ்வளவு தவறாது. 2000 மே மாதத்திற்கு முன்பு அமெரிக்க அரசு வேண்டுமென்றே சேர்த்துவந்த பிழையால் பொதுமக்களின் கருவிகள் 100 மீட்டர் வரை தவறியதுண்டு. அது நீக்கப்பட்டு நெடுங்காலமாயிற்று. எனவே கருவியை விடுவித்தேன். அச்சிட்ட படமோ அரசின் படம்; அதை ஐயுறவே தோன்றவில்லை. எஞ்சியது மனிதர்களின் நினைவு. என் குறிப்பேட்டில், மூத்தோர் காட்டிய எல்லை ஓடையிலிருந்து விலகுகிறது, நினைவுப் பிழையாகலாம் என்று எழுதினேன். அந்தத் தாள் இன்னும் என்னிடம் இருக்கிறது.

மறுநாள் படத்தை அச்சிட்டுக் காகாவிடம் காட்டினேன். அவருக்கு எழுத்து வாசிக்கத் தெரியாது. ஆனால் ஓடையின் வளைவுகளை விரலால் தொட்டுத் தொட்டு ஒவ்வொன்றுக்கும் பெயர் சொன்னார். பிறகு எங்கள் தடத்தைக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார்.

"நேற்று ஓடையில் உங்கள் செருப்பு நனைந்ததா இல்லையா?" என்று கேட்டார்.

"நனைந்தது, காகா."

"அப்படியானால் ஓடை இடம் மாறவில்லை. நாமும் மாறவில்லை. காகிதம்தான் எங்கேயோ நகர்ந்திருக்கிறது."

அருகிலிருந்தவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. படிக்காத முதியவர் அறியாமையால் சொல்கிறார் என்ற எண்ணம் அப்போதும் எனக்குள் இருந்தது. கிராம சபையின் கோப்பில் அந்தப் படத்தின் ஒரு பிரதியைச் சேர்த்துவிட்டுத்தான் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினேன்.

இரண்டு வாரங்கள் கழித்து, வேறொரு வேலைக்காக அதே டோப்போஷீட்டைச் செயற்கைக்கோள் படத்தின்மேல் வைத்தேன். காட்டின் அடர்த்தியில் ஓடை படத்தில் தெரியவில்லை. ஆனால் ஊர் ஏரி தெரிந்தது. சாலைகள் பிரியும் சந்தி தெரிந்தது. டோப்போஷீட்டில் ஏரி அதன் உண்மையான இடத்திலிருந்து தென்கிழக்கே நகர்ந்து நின்றது. அளந்தேன்: ஏறத்தாழ 180 மீட்டர். சாலைச் சந்தியை அளந்தேன்: அதே 180 மீட்டர், அதே திசை. பத்து கிலோமீட்டர் தள்ளியிருந்த ஒரு பாலத்தை அளந்தேன், அதுவும் அப்படியே. கைப்பிழை என்றால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசையில் விலகும். எல்லாமே ஒரே திசையில் ஒரே அளவு விலகினால், மொத்தத் தாளும் நகர்ந்திருக்கிறது என்று பொருள். காகா சொன்னது சொல்லுக்குச் சொல் உண்மை.

ஏன் நகர்ந்தது? இதைப் புரிந்துகொள்ள இருநூறு ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும்.

பூமி சரியான உருண்டையன்று; துருவங்களில் சற்றே தட்டையானது. அதன் வடிவத்தை ஒரு கணித வடிவத்தால் குறித்துக்கொண்டு, அதை எங்கே நிறுத்துவது என்று முடிவு செய்த பிறகே ஓரிடத்துக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தர இயலும். அந்த ஏற்பாட்டுக்கு டேட்டம் என்று பெயர். இந்தியாவில் இவ்வேலை தொடங்கியது சென்னையில். 1802 ஏப்ரல் 10 அன்று வில்லியம் லாம்டன் பரங்கிமலையை ஒட்டிய சமவெளியில் ஏழரை மைல் நீளமுள்ள அடிக்கோட்டைச் சங்கிலியால் அளக்கத் தொடங்கினார். அதிலிருந்து முக்கோணம் மேல் முக்கோணமாக நாடு அளக்கப்பட்டது. 1808இல் தஞ்சைப் பெரிய கோயில் கோபுரத்தின்மேல் ஏற்றும்போது அவருடைய பெரும் தியோடலைட் மோதிச் சிதைந்தது. லாம்டன் பல வாரங்கள் கூடாரத்துக்குள் அமர்ந்து தம் கையாலேயே அதைச் சீர்செய்தார். அவருக்குப் பின் பணியை ஏற்ற ஜார்ஜ் எவரெஸ்ட், இந்திய வில்லின் அளவுகளைத் துணைக்கொண்டு 1830இல் பூமியின் வடிவத்தைக் கணித்தார். எவரெஸ்ட் நீள்கோளம் என்று அதை அழைக்கிறோம். மத்தியப் பிரதேசத்தின் காலியான்பூரை மூலப்புள்ளியாகக் கொண்டு அந்த வடிவம் இந்திய நிலத்துக்குப் பொருந்துமாறு நிறுத்தப்பட்டது. இந்தியாவுக்கு நன்றாகப் பொருந்தியது. ஆனால் அதன் மையம் பூமியின் உண்மையான மையத்திலிருந்து 800 மீட்டருக்கு மேல் விலகி இருந்தது. இந்திய நிலத்தை மட்டும் அளக்கும்வரை அதனால் தீங்கொன்றும் இல்லை.

ஜிபிஎஸ் கருவி பயன்படுத்துவது டபிள்யூஜிஎஸ் 84 என்ற டேட்டம். செயற்கைக்கோள்கள் பூமியின் மையத்தைச் சுற்றுவதால் அதன் மையமும் அங்கேயே இருக்கிறது. ஆகவே ஒரே மகுவா மரத்துக்கு எவரெஸ்ட் முறையில் ஓர் எண், டபிள்யூஜிஎஸ் முறையில் சற்றே வேறோர் எண். இரண்டும் சரி. ஒன்றின் எண்ணை மற்றொன்றின் எண் என்று எண்ணிக்கொண்டால் மட்டுமே பிழை. இவ்வேறுபாடு நாட்டின் எல்லா இடங்களிலும் ஒரே அளவில் இராது. அந்தக் காட்டில் அது 180 மீட்டர்.

நான் செய்தது இதுதான். ஒளிநகலைக் கணினியில் இடம்பொருத்தும்போது, மூலைகளில் அச்சிட்டிருந்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களைத் தட்டச்சு செய்தேன். இவை எந்த முறையில் ஆன எண்கள் என்று மென்பொருள் கேட்டது. பெட்டியில் முன்கூட்டியே டபிள்யூஜிஎஸ் 84 என்று நிரப்பியிருந்தது; சரி என்று அழுத்தினேன். அந்த ஒரு சொடுக்கில் மொத்தக் காடும் 180 மீட்டர் தென்கிழக்கே நகர்ந்தது. 2005ஆம் ஆண்டின் தேசிய நிலப்படக் கொள்கைக்குப் பின் பொதுமக்களுக்கென வெளிவரும் தாள்கள் டபிள்யூஜிஎஸ் 84 முறையில் ஆனவை. என்னிடமிருந்தது அதற்கு முந்தைய தாள். அளவை நடந்த ஆண்டு தாளின் ஓரத்தில் இருந்திருக்கும். அழகுக்காக அந்த ஓரத்தை வெட்டியவனும் நானே.

1:50,000 அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிலத்தில் 50 மீட்டர். ஆகவே என் பிழை தாளில் நான்கு மில்லிமீட்டர்கூட இல்லை. ஆனால் 3 கிலோமீட்டர் நீளமுள்ள ஓடைக்கரையில் அது ஏறத்தாழ 50 ஹெக்டேர் நிலம். ஓடையின் தண்ணீர், கோடையில் மாடுகள் நிற்கும் நிழல், பதினேழு குடும்பங்கள் பூப் பொறுக்கும் மகுவா வரிசை. அந்தப் படம் மேலே சென்றிருந்தால், ஊராரே ஒப்புக்கொண்ட எல்லை இதுதானே, ஓடை உங்கள் எல்லைக்குள் இல்லையே என்று எவரும் கேட்டிருக்கலாம். கேட்பவர் தீய எண்ணத்தோடு கேட்கத் தேவையில்லை. படத்தைப் படித்தாலே போதும்.

பழைய டேட்டத்தைச் சரியாகக் கொடுத்து மீண்டும் இடம்பொருத்தினேன். ஏரி தன் இடத்துக்கு வந்தது. தடம் ஓடையைக் கடந்து அக்கரை மரங்களின் வரிசையில் போய் அமர்ந்தது. அடுத்த பேருந்திலேயே ஊருக்குப் புறப்பட்டேன். கோப்பு இன்னும் கோட்டக் குழுவுக்கு அனுப்பப்படவில்லை என்பது என் நற்பேறு, என் திறமையன்று.

கிராம சபையில் எழுந்து நின்று, முந்தைய படம் தவறு, தவறு என்னுடையது, காகா சொன்னதே சரி என்று சொன்னேன். டேட்டம் பற்றி விளக்க முயன்றேன். பாதிக்கு மேல் போக முடியவில்லை. பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு மூதாட்டி, "மற்ற ஊர்களுக்கும் நீங்கள் படம் போட்டீர்களா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "வேறு யாராவது போட்டிருப்பார்கள் அல்லவா?" என்றார். அதற்கு என்னிடம் விடை இல்லை. இந்தப் பதிவை எழுதத் தூண்டியது அந்தக் கேள்விதான்.

ஆகவே, தொடங்குவோருக்கு என் அனுபவத்திலிருந்து சில சொற்கள்.

ஒரு தரவு உங்கள் கைக்கு வந்தவுடன் அது எந்த டேட்டத்தில், எந்தக் கோட்டுச்சட்டத்தில் ஆனது என்பதை முதலில் கேளுங்கள். கோட்டுச்சட்டம் என்று நம் பாடநூல்கள் சொல்வது, வளைந்த பூமியைத் தட்டைத் தாளில் விரிக்கும் முறையை. மென்பொருள் தானே நிரப்பிவைக்கும் விடையை விடையாக எண்ணாதீர்கள். பழைய படத்தின் ஓரத்தை ஒருபோதும் வெட்டாதீர்கள்.

பரப்பையும் தொலைவையும் பாகைகளில் கணக்கிடாதீர்கள். அட்சரேகையில் ஒரு பாகை ஏறத்தாழ 111 கிலோமீட்டர். தீர்க்கரேகையில் ஒரு பாகை நிலநடுக்கோட்டில் அவ்வளவே ஆனாலும், கட்சிரோலியின் 20ஆம் பாகையில் 105 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவு. மீட்டரில் அளக்கும் யூடிஎம் முறைக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கிழக்குத் தீர்க்கரேகை 78 முதல் 84 வரை 44ஆம் மண்டலம். உங்கள் களம் எந்த மண்டலத்தில் விழுகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எந்தப் படத்தையும் வெளியே கொடுக்கும் முன், நிலத்தில் ஐயமின்றித் தெரியும் மூன்று இடங்களிலேனும் சரிபாருங்கள். ஏரிக்கரை, சாலைச் சந்தி, பாலம் போன்றவை. பத்து நிமிட வேலை. அந்தப் பத்து நிமிடத்தை நான் இரண்டு வாரம் தாமதமாகச் செலவிட்டேன்.

இறுதியாக, படமும் மனிதரும் முரண்படும்போது மனிதரே எப்போதும் சரி என்று நான் சொல்ல வரவில்லை. நினைவும் தவறும்; ஊர்களுக்கிடையே எல்லைப் பூசல்களும் உண்டு. ஆனால் எதை முதலில் ஐயுற்றேன் என்பது என்னைப் பற்றி எனக்குச் சொன்னது. கருவியையும் ஐயுற்றேன், மனிதரையும் ஐயுற்றேன்; என் சொடுக்கை மட்டும் ஐயுறவில்லை.

ஊருக்குச் செல்ல நாகபுரியில் ரயிலேறினால், சென்னைக்குப் போகும் வழியில் ஹிங்கண்காட் என்றொரு நிலையம் வரும். பரங்கிமலையில் சங்கிலியைப் போட்ட லாம்டன், 1823 ஜனவரியில் பணிநிமித்தம் பயணம் செய்துகொண்டிருந்தபோது அங்கேதான் இறந்தார். அவருடைய கல்லறையும் அவ்வூரில்தான். இதுவரை இறங்கிப் பார்த்ததில்லை. அடுத்த விடுமுறையில் இறங்க வேண்டும் என்றிருக்கிறேன்.

ஊரின் கோரிக்கை திருத்திய படத்தோடு கோட்டக் குழுவுக்குச் சென்றிருக்கிறது. முடிவு வந்ததும் எழுதுகிறேன். க்யூஜிஐஎஸ் குறித்த ஐயங்களைக் கீழே கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன். பழைய டோப்போஷீட்டை வைத்து ஏற்கெனவே படம் செய்துவிட்டவர்கள், அருள்கூர்ந்து இன்றிரவே ஓர் ஏரியின் கரையை அளந்து பாருங்கள்.